மஞ்சளுக்கு அடியில் இருந்த சாம்பல்

காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். கார் பெயிண்ட் பட்டறை முதலாளி அந்தப் பழமொழியைத் தலைகீழாகப் புரட்டி, அங்கே கலர் கலக்குகிற தராசு அக்காவின் முகத்துக்கு நேராக வீசினார்.

"ஏம்மா, காமாலை வந்தவனுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியும். உனக்கு மஞ்சளே பச்சையாத் தெரியுதே, இது என்ன புது வியாதி?"

வெல்டிங்காரர் சிரித்தார். பட்டி பூசுகிறவர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்காதவன் அவளுடைய தம்பி ஒருவன்தான். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே கழுவி முடித்த கன்.

வாசலில், வெயிலில், அந்த மஞ்சள் கார் நின்றது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்துகிற அம்மாவுடைய வண்டி. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்துவதால் பட்டறையில் அவருக்குப் பெயர் பிரேக்கம்மா. கற்றுக்கொள்ள வந்த ஒருவர் பிரேக் என்று நினைத்து வேறு எதையோ மிதித்து, ஒரு கேட் தூணைப் போய்க் கட்டிப்பிடித்துவிட்டார். புது பேனட் போட்டாயிற்று. முன்கதவை நிமிர்த்திப் பட்டி பூசியாயிற்று. பெயிண்ட் அடித்து, முந்தின நாள் சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் 'ஆகா' என்று ஒப்படைத்தும் ஆயிற்று. காலையில் சூரியன் வந்து குட்டை உடைத்துவிட்டான். பேனட் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தது. கதவு, பறித்திருக்கவே கூடாத காயின் நிறத்தில்.

"இடிச்சவன் கத்துக்க வந்தவன். கெடுத்தவங்க கத்து முடிச்சவங்க. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்," என்றார் பிரேக்கம்மா. "சிக்னல்ல நிக்கறேன், பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கிக் கேக்கறான், கதவை எந்த வண்டியில இருந்து கழட்டினீங்கன்னு. எனக்குத் திருட்டுப் பட்டம்கூட வாங்கிக் குடுத்துட்டீங்க."

தராசு அக்கா கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டினாள். அவள் குரல் எப்போதுமே பாத்திரக்கடையில் யானை புகுந்த மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு அதைக் கஷ்டப்பட்டு அடக்கிப் பேசினாள்.

"நான் கலந்து குடுத்தது ஒரே டின் முதலாளி. அதுல இருந்துதான் பேனட்டும் அடிச்சான், கதவும் அடிச்சான். என் கலர் தப்புன்னா ரெண்டுமே தப்பா இருக்கணும் இல்லையா? ஒண்ணு மட்டும் எப்படி மாறும்?"

முதலாளி தம்பியின் முதுகைப் பார்த்துக் கேட்டார். "ஏம்ப்பா, ஒரு டின்னா? ரெண்டு டின்னா?"

முதுகு பதில் சொன்னது. "ஞாபகம் இல்லை முதலாளி."

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போயிருக்கும். கன்னைத் தொங்கவிட்டு, கையை உதறி, யாரையும் பார்க்காமல் அவன் இன்னும் ஒன்று சொன்னான்.

"கண்ணாடி போட்டதுல இருந்து அக்காவுக்குக் கொஞ்சம் சிரமமாத்தான் இருக்கு."

முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. "சரிம்மா, கொஞ்ச நாளைக்கு நீ முன்னாடி கவுண்டர்ல உட்காரு. வர்றவங்களுக்குப் பதில் சொல்லு. கலர் ரூம் சாவியைத் தம்பிகிட்ட குடு. நாளைக்குக் காலையில அவனே கலந்து கதவுமேல இன்னொரு கை அடிச்சுடுவான்."

அவள் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. தம்பியின் காலடியில் போட்டாள்.

தராசு அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. பட்டறையில் சேர்ந்தபோது அவள் உப்புத்தாள் தேய்க்க வந்தவள். ஈரத்தில் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி ரேகை அழிந்து, வங்கியில் கைரேகை வைக்கப் போனால் இயந்திரம் அவளை ஆளே இல்லை என்று திருப்பி அனுப்பும். தேய்க்கிறவள் கண்ணை மூடிக்கொண்டா தேய்ப்பாள்? பக்கத்தில் கலர் கலக்குகிறவர் தப்பாகக் கலக்கும்போதெல்லாம் இவள் வாய் சும்மா இருக்காது. "அதுல சிவப்பு ஏறிப்போச்சு." "அது வெயில்ல வெளுக்கும் பாருங்க." வெளுக்கும். கலக்குகிறவர் ஒருநாள் கோபித்துக்கொண்டு, "அவ்வளவு தெரிஞ்சவ நீயே கலக்கு" என்று குச்சியை எறிந்துவிட்டுப் போனார். அவள் எடுத்துக் கலக்கினாள். போனவர் திரும்பி வரவில்லை.

கம்ப்யூட்டர் சொல்கிற அளவெல்லாம் கம்பெனியில் இருந்து அன்றைக்கு இறங்கிய வண்டிக்குத்தான் சரிப்படும். பல வருஷம் வெயிலில் வெந்த வண்டிக்குக் கண் வேண்டும். டின்னைத் தராசில் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, அட்டையில் அடித்துப் பார்த்து, வாசலுக்கு ஓடி வெயிலில் வண்டியோடு வைத்துப் பார்த்து, திரும்ப ஓடிவந்து இன்னும் ஒரு சொட்டு விடுவாள். தூசி வரும் என்று அறைக்கு எப்போதும் உள்தாழ்ப்பாள். கதவைத் தட்டுகிறவனுக்கு உள்ளே இருந்து முதலில் வசவு வரும், பிறகுதான் டின் வரும்.

கணவர் தூர தேசத்துக்கு லாரி ஓட்டுகிறவர், பேசுவதே அபூர்வம். அந்த வீட்டுக்கு வேண்டிய மொத்தக் கோபத்தையும் அவள் ஒருத்தியே வைத்திருந்தாள் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். கோபம் பொல்லாதது என்று எழுதி வைத்தவர்கள் யாரும் ஒரு பட்டறையில் பொம்பிளையாகக் கூலிக்கு வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அவள் கோபப்படாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் உப்புத்தாள்தான்.

தம்பியைப் பட்டறைக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான். அவனுக்குக் கை அருமையான கை. கன்னைப் பிடித்தால் தண்ணீர் ஓடுவது மாதிரி ஓடும். ஒரு வழிசல் இருக்காது. அதை அவள் அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மற்றவர்களிடம் சொல்லாத நாள் இல்லை.

அன்று முழுவதும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் அந்த மஞ்சள் கார். கதவின் மஞ்சளில் பச்சை இருந்தது என்றாலும் அது பச்சை கலந்த பச்சை இல்லை. கீழே ஏதோ இருட்டு இருந்துகொண்டு மேலே இருப்பதைப் பிடித்து இழுக்கிற பச்சை.

கறுப்பும் வெள்ளியும் வீட்டு ரகசியத்தைக் காப்பாற்றுகிற நிறங்கள். மேலே விழுந்தால் அடியில் இருப்பதை மூடிவிடும். மஞ்சள் அப்படி இல்லை. அதற்கு மறைக்கத் தெரியாது. அடியில் இருப்பதை வாசலில் நின்று கூவிவிடும். அதனால்தான் மஞ்சளுக்குக் கீழே அடிக்கிற பூச்சு ஏறக்குறைய வெள்ளையாக இருக்க வேண்டும். தகரத்தின்மேல் பிரைமர், அதைத் தேய்த்துச் சமன் செய்து அதன்மேல் மெல்லிசாகச் சீலர், அப்புறம்தான் நிறம். சீலர் கறுத்த சாம்பலாக இருந்தால், அதன்மேல் வழக்கமாக அடிக்கிற மஞ்சள் கன்னிப்போன மாதிரிதான் தெரியும். இது தெரிந்துதான் அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு டின் மூடியிலும் விரலால் ஒரு சீலர் பொட்டு வைத்து அனுப்புவாள். அடியில் இந்தச் சாம்பல்தான் வேண்டும் என்று அர்த்தம். இந்த டின்னிலும் பால் நிறத்தில் பொட்டு வைத்திருந்தாள். மூடி குப்பையோடு போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறினாள். கீழே அவள் குடித்தனம், மேலே தம்பி குடித்தனம். தம்பி குளியலறையில் இருந்தான். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வண்டி திரும்பி வந்தது தவிர, காலையில் பட்டறையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"வாங்க அண்ணி. வண்டி திரும்பி வந்துடுச்சாமே? நான் அப்பவே நினைச்சேன். நேத்து ராத்திரி சாப்பிடக்கூட இல்லை, பேனட்டோட கதம்பம் தீர்ந்துபோச்சு, கதவுக்கு வேற வாளி எடுத்தேன், அது கொஞ்சம் கறுப்புன்னு புலம்பிக்கிட்டே இருந்தாரு. உங்ககிட்டச் சொல்லலையா?"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கதம்பம் என்பது பட்டறைக்குள் புழங்குகிற பேர். கெட்டிப்படுத்துகிற மருந்து சேர்க்காமல் மிஞ்சுகிற சீலரையெல்லாம் வீணாக்காமல் வாளியில் கொட்டி வைக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. வெள்ளைக் காருக்கு மிஞ்சியது, கறுப்புக் காருக்கு மிஞ்சியது, சிவப்புக்கு மிஞ்சியது, எல்லாம் ஒரே வாளி. நிறைந்தால் அடுத்த வாளி. அதில் எந்த வாளி என்ன நிறம் என்பது அந்த வாளிக்கே தெரியாது. "மேல கலர்தானே விழப்போகுது, கீழ எவன் பாக்கறான்?" என்பது முதலாளியின் தத்துவம்.

தம்பி துண்டோடு வெளியே வந்தான்.

"தெரிஞ்சிருக்கு உனக்கு," என்றாள் அக்கா.

"அக்கா, மெதுவாப் பேசு, பக்கத்து வீடு..."

"பக்கத்து வீடு கேக்கட்டும், எதிர் வீடு கேக்கட்டும். கதவுக்குக் கறுத்த வாளின்னு தெரிஞ்சுதானேடா வாயை மூடிக்கிட்டு நின்னே? என் கண்ணை வித்து எவ்வளவுடா வாங்கினே?"

"யாரும் எதையும் விக்கலை. முதலாளி கதம்பம் போடுன்னாரு, போட்டேன். ரூம் எனக்கு வந்தா உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? உட்கார்ந்த இடத்துல சம்பளம் வாங்கு. வயசாகுதுல்ல?"

மடித்த துணி கையில் இருக்க, தம்பி மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் எதைப் போட்டு உடைத்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா தடதடவென்று படியிறங்கிப் போனாள். கீழே வந்து அடுப்பில் பாத்திரத்தை வைத்தபோது ஒன்று பளிச்சென்று புரிந்தது. நாளைக்குக் காலையில் அவன் கதவின்மேல் புது மஞ்சள் அடிப்பான். ஏற்கெனவே மஞ்சள் இருக்கிற இடத்தில் இன்னும் மஞ்சள் விழுந்தால் பச்சை அடங்கிவிடும். கதவு பேனட்டோடு பொருந்திவிடும். 'பாத்தீங்களா, தம்பி கலந்தான், சரியாயிடுச்சு' என்பார் முதலாளி. அந்தக் கறுத்த சாம்பல் அதோடு அடியில் புதைந்துவிடும். புதைந்த இடத்தில் கண் கெட்டவள் என்கிற பேர் முளைத்துவிடும். ஆயுசுக்கும் யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

பாத்திரம் அடிப்பிடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது தம்பி கதவைச் சுற்றிக் காகிதம் ஒட்டி முடித்திருந்தான். புதிதாகக் கலந்த டின் பக்கத்தில் இருந்தது. பிரேக்கம்மா இந்த முறை தன் கண்ணால் பார்த்தே தீருவது என்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி அவருக்குக் காற்று வர ஃபேனைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அக்கா கவுண்டரைத் தாண்டி நடந்தாள். பட்டி பூசுகிறவரின் பெட்டியில் இருந்து முரட்டு உப்புத்தாள் ஒன்றை எடுத்தாள். கதவின் நட்டநடுவில் வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏய்! ஏய்! என்னம்மா பண்றே?" முதலாளி ஃபேனை விட்டுவிட்டு ஓடிவந்தார். "பைத்தியம் பிடிச்சுடுச்சா உனக்கு?"

"கண்ணுதான் போச்சுன்னீங்க, புத்தியும் போச்சுன்னு வெச்சுக்குங்க."

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "விடுடா கையை," என்றாள். அவள் சொன்ன விதத்தில் விட்டுவிட்டான். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போயிற்று. பிறகு மஞ்சள் தேய்ந்தது. மஞ்சள் வளையத்துக்குள்ளே, மழைமேகம் மாதிரி கறுத்த சாம்பல் ஒரு வட்டமாக வெளியே வந்தது.

அவள் நிமிர்ந்து பேனட் பக்கம் போனாள். இப்போது முதலாளிக்கு நிஜமாகவே உயிர் போயிற்று. "அது நல்ல பேனட்டு! நல்லா இருக்கறதை ஏம்மா கெடுக்கறே? அம்மா, நீங்களாவது சொல்லுங்க!"

பிரேக்கம்மா நாற்காலியில் இருந்து எழுந்து வந்து கதவைக் குனிந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க "பிரேக்கு" என்றே கத்தியவர் அன்றைக்கு மட்டும் வேறொன்று சொன்னார். "விடுங்க. அவங்க தேய்க்கட்டும்."

பேனட்டின் மூலையில் மஞ்சளுக்கு அடியில் இருந்து வந்தது வெளுத்த சாம்பல், கிட்டத்தட்டப் பால் நிறம்.

"மெல்லிசு மஞ்சள் துணியில சட்டை தைக்கறீங்கம்மா," என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "முன்பக்கம் வெள்ளை லைனிங், பின்பக்கம் கறுப்பு லைனிங் வெச்சா, வெளிய ரெண்டு சட்டை மாதிரிதான் தெரியும். துணி விக்கறவ மேலயா தப்பு? மஞ்சள் என்னுது. ஒரே டின். லைனிங் யாருதுன்னு இவங்களைக் கேளுங்க."

பிரேக்கம்மா முதலாளியைப் பார்த்தார். முதலாளி தம்பியைப் பார்த்தார். தம்பி டின்னைப் பார்த்தான். டின்னுக்குப் பார்க்க யாரும் இல்லை.

"மிச்சத்தை வீணாக்கக் கூடாதுன்னு ஒரு சிக்கனத்துக்கு..." என்று முதலாளி இழுத்தார்.

"உங்க வீட்டு மிச்சத்தை என் வண்டிக்கா ஊத்தினீங்க?" என்றார் பிரேக்கம்மா. "பேனட்டு, கதவு ரெண்டையும் முதல்ல இருந்து பண்ணுங்க. இவங்க நிக்கணும், இவங்க பாக்கணும். அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

முதலாளி குரலை மாற்றிக்கொண்டார். "சரி சரி, ஆனது ஆச்சு. நீ ரூமுக்குப் போம்மா. தம்பி, சாவியைக் குடுத்துடு. அக்கா தம்பிக்குள்ள என்ன இருக்கு?"

"ஆனது ஆகலை," என்றாள் அவள். "அவன் வாயால சொல்லணும். நேத்து இத்தனை பேர் சிரிச்சாங்க இல்லை, அத்தனை பேர் முன்னாடி சொல்லணும். ஒரு டின்னா, ரெண்டு டின்னா?"

வெல்டிங்காரர் முகக்கவசத்தை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், வெல்டிங் எதுவும் இல்லாமலே.

தம்பி சாவியை எடுத்தான். அவன் முகம் சிவந்திருந்தது, ஆனால் வெட்கத்தில் மட்டும் இல்லை. "ஒரு டின்தான்," என்றான் சத்தமாக. "ஒரே ஒரு டின்தான். போதுமா? அக்கா கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷத்துல என்னை அந்த ரூமுக்குள்ள ஒரு தடவை விட்டிருக்கியா? ஒரே ஒரு தடவை? கதவைத் தட்டினா திட்டு. டின் எங்கேன்னு கேட்டாத் திட்டு. மூடியில பொட்டு வைப்பே, ஏன் இந்தச் சாம்பல்னு ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கியா? நாயைக் கட்டிப் போடற மாதிரி வெளிய நிக்க வெச்சே. அந்த ரூம் கைக்கு வரும்போல இருந்தா எவனுக்கு ஆசை வராது?"

"அதுக்கு என் கண்ணைப் பிடுங்குவியா?"

"நீ தாழ்ப்பாள் போடலைன்னா நான் ஏன் பிடுங்கப் போறேன்?"

அது அவளைச் சுட்டது. சுட்டதால் கோபம் குறைந்தது என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. இரண்டு மடங்காயிற்று, ஆனால் அந்த இரண்டாவது மடங்கை யார்மேல் வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வேலை நடந்தது. பேனட்டும் கதவும் தேய்த்து இறக்கப்பட்டன. அக்காவும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நடுவில் முதலாளி தபால்காரராக நின்றார்.

"சீலர்ல வெள்ளை இன்னும் வேணும்னு சொல்லுங்க, அங்க நிக்கறவன்கிட்ட."

"வெள்ளை இன்னும் வேணுமாம்ப்பா."

"எவ்வளவுன்னு கேளுங்க."

"எவ்வளவுன்னு கேக்கறான்மா."

"கண்ணு கெட்டவளுக்கு எப்படித் தெரியும்னு சொல்லுங்க."

"இதை நான் சொல்ல மாட்டேன். அவனுக்கும் காது இருக்கு, உனக்கும் வாய் இருக்கு," என்றார் முதலாளி. பிரேக்கம்மா நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கதம்ப வாளிகளை அக்கா ஒன்றுவிடாமல் குப்பை வண்டிக்காக வாசலுக்கு இழுத்து வைக்கச் சொன்னாள். முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், ஆனாலும் இழுத்து வைத்தார். பால் நிறச் சீலர் இரண்டு பாகத்திலும் ஒரே மாதிரி விழுந்தது. அதன்மேல் தம்பி மஞ்சள் அடித்தான். கோபத்திலும் அவன் கை ஆடவில்லை. காய்ந்ததும் வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள். எங்கே பேனட் முடிகிறது, எங்கே கதவு தொடங்குகிறது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. பிரேக்கம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஏறி, கிளப்பிக்கொண்டு போனார். அந்த வாயிடம் இருந்து அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது.

வீட்டில் தம்பி மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். "அண்ணி, எல்லாம் சரியாயிடுச்சா?"

"வண்டி சரியாயிடுச்சு," என்றாள் அக்கா.

அடுத்த வாரம் ஒரு சிவப்புக் கார் வந்தது. சிவப்பும் மஞ்சளுக்குப் பங்காளிதான், எதையும் மறைக்காது. அக்கா அறைக்குள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவில் தட்டல் கேட்டது. வழக்கமான வசவு தொண்டை வரை வந்தது. அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். தம்பி நின்றான். மன்னிப்புக் கேட்கும் முகம் இல்லை அது. சண்டைக்கு வந்த முகமும் இல்லை.

"சிவப்புக்கு அடியில என்ன சாம்பல்?" என்று கேட்டான்.

அவள் அவனைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தாள். ஒரு வாரமாக அவனிடம் நேராகப் பேசியதில்லை. பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் நாக்கில் வரிசை கட்டி நின்றது.

"உள்ள வந்து கதவைச் சாத்துடா. தூசி வருது," என்றாள். "தராசுகிட்ட வராதே. உன் மூச்சுக்கே அது ஆடும்."